துணி ஏன் ஒலித்தது?

யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் எங்கள் வீட்டில் ஒரு வாரம் தங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, "உடுப்புத் தோய்க்க வேணும் அம்மா, சவுக்காரம் இருக்கோ?" என்றார். அம்மா அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு, "துணியா? ஊறட்டும் தம்பி, அப்புறம் தொவைச்சுக்கலாம்" என்றார். பிறகு என்னிடம் மெதுவாக, "தயிர்தானேடா தோயும்?" என்று கேட்டார்.

தோய்ப்பதா, துவைப்பதா, எது பழசு? மறுநாளே நூலகத்தில் போய் உட்கார்ந்தேன்.

முதலில் புறநானூறு. அதன் 311ஆம் பாட்டில் ஔவையார் ஒரு வீரனின் தூய வெள்ளாடையைக் காட்டுகிறார். அதை வெளுத்தவள் களர்நிலத்தில் கிணறு தோண்டியவள். நல்ல நீர் கிடைக்காமல் அங்கே தோண்டினாள் என்று நினைத்துவிடக் கூடாது. உவர்மண்ணின் காரம் அழுக்கை அறுக்கும். வெள்ளாவி வைப்பவர்கள் அண்மைக்காலம்வரை அந்த மண்ணைத் தேடிப்போய் அள்ளிவந்தார்கள். அது தொழில் தெரிந்தவள் தோண்டிய கிணறு. ஆனால் நான் தேடிவந்த வினைச்சொல் அங்கே இல்லை. ஔவையார் சொல்வது 'கழுவுதல்'.

அடுத்து நற்றிணை 90, குறுந்தொகை 330. இரண்டிலும் 'தோய்த்தல்' வருகிறது. நண்பரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "நீங்கள் ஜெயித்தீர்கள்" என்றேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை, திரும்பக் கூப்பிட வேண்டியதாயிற்று. பாட்டை மறுபடி நிதானமாகப் படித்தால், துணி வெளுக்கும் பெண் அதைத் தோய்ப்பது பசையில், கஞ்சி போடுகிறாள். குறுந்தொகையில் அதன்பின் அடித்து, முறுக்கோடு குளிர்ந்த குளத்தில் போடுகிறாள். நீரில் இன்னும் பிரியாத அந்த முறுக்கைப் போலிருக்கிறதாம் பகன்றைப் பூ. துறையில் நின்று பார்க்காதவருக்கு இந்த உவமை வாய்க்காது. இந்தப் பாட்டுகள் அவளைப் புலைத்தி என்கின்றன. பிற்காலம் அச்சொல்லை வசையாக்கியது. பாட்டில் அது வசை இல்லை.

சரி, 'துவை' எங்கே போயிற்று? பதிற்றுப்பத்தின் சமையலறையில் கிடைத்தது. 45ஆம் பாட்டின் பெயரே 'ஊன்துவை அடிசில்'. நம் அம்மியில் இன்றும் அரைபடும் துவையல் அந்தக் குடும்பம்தான். இடிப்பது, நசுக்குவது, மிதித்து உழக்குவது எல்லாம் துவைத்தலே. கல்லில் துணி அடிபடுவதற்கு இதைவிடப் பக்கத்து உறவு வேண்டுமா என்று கோப்பை மூடப் பார்த்தேன்.

மூடவிடாமல் செய்தது தொல்காப்பியம். உரியியல், துவைத்தலைச் சிலைத்தல், இயம்பல், இரங்கல் ஆகியவற்றோடு ஒரே வரிசையில் வைக்கிறது. நான்குக்கும் பொருள் ஓசை. உரையாசிரியர் சேனாவரையர் தரும் எடுத்துக்காட்டில் துவைப்பது சங்கு! சங்குக்கும் சலவைக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டு நாள் கழித்துக் கலித்தொகை 72இல் விடை கிடைத்தது. பரத்தையிடம் போய்வந்த தலைவனைச் சாடும் தலைவி, ஊரார் ஆடையை வெளுப்பவளைத் தூதுக்காரி என்று இழுக்கிறாள். வெளுப்பதற்கு அங்கே வரும் வினை 'ஒலித்தல்'. ஓசை எழுப்புவதற்கும் ஆடை வெளுப்பதற்கும் ஒரே சொல். இந்தக் கலித்தொகையை 1887இல் முதலில் அச்சேற்றியவர் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரம் பிள்ளை என்று சொன்னேன். நண்பர் கொஞ்சம் சமாதானமானார்.

என் முடிவு இதுதான்: ஒலித்தல் போன அதே வழியில்தான் துவைத்தலும் போயிருக்கிறது. துறையில் விழும் அடி கண்ணுக்குத் தெரியுமுன் காதுக்கு எட்டிவிடும். அடியையும் ஓசையையும் தமிழ் பிரித்துப் பார்க்கவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார், கந்தை அடிபடும் கல்லிலேயே தலையை மோதிக்கொள்ளத் துணிந்த திருக்குறிப்புத்தொண்டரைப் பாடும்போதும், புடைத்தல், எற்றுதல் என்று அடியைச் சொல்லும் வினைகளையே எடுக்கிறார்.

ஆனாலும் நண்பரின் கட்சியை முழுதாகத் தள்ள மனம் வரவில்லை. காரணம் கொல்லுப்பட்டறை. பழுக்கக் காய்ச்சிய அரிவாளை நீரில் முக்கிப் பதமேற்றுவதற்குத் துவைச்சல் என்று பெயர். அங்கே தோய்தலும் உண்டு, சீறும் ஓசையும் உண்டு. துவையும் தோயும் எங்கோ ஓரிடத்தில் கலந்திருக்கின்றன என்பதற்கு என் கையில் இருக்கும் ஒரே வலுவான தடயம் அதுதான். கன்னியாகுமரிப் பக்கத்தில் துணியை அலக்குகிறார்கள். அதைத் தனியாகத்தான் தேட வேண்டும்.

உங்கள் ஊர்ப் பட்டறையில் 'துவைச்சல்' இன்னும் புழங்குகிறதா? வீட்டில் பாட்டி துணிக்கு என்ன சொல் சொல்கிறார்? ஊர்ப் பெயரோடு ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.