ஆறு சென்டிமீட்டர் சட்டமும் அமுங்கிய காரும்

புனேயில் வண்டி ஓட்டுகிற நம்மவர்களுக்குக் காரின் உயரம் என்றாலே ஞாபகம் வருவது ஸ்பீட் பிரேக்கர்தான். தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்பும்போது குடும்பமும் பெட்டிகளும் ஏறியதும் அடியில் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம் வருமே, அதேதான். இன்னும் கொஞ்சம் உயரமாக இருந்தால் தேவலை என்று தோன்றும். ஆனால் காரை எப்படியாவது தரையோடு தரையாக இறக்கியே தீருவது என்று பெரிய மூளைகள் எல்லாம் மண்டையை உடைத்துக்கொண்ட காலம் ஒன்று உண்டு. வாகனத் துறையில் குப்பை கொட்டுகிறவன் என்பதால் எனக்கு மிகவும் பிடித்த கதை இது.

1970-களின் கடைசியில் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் லோட்டஸ் அணி ஒரு வித்தை செய்தது. விமான இறக்கையைத் தலைகீழாகக் கவிழ்த்தது போன்ற வடிவத்தைக் காரின் வயிற்றுப் பகுதியில் அமைத்தார்கள். அடியில் போகும் காற்று வேகமெடுக்கும், அழுத்தம் குறையும், கார் சாலையோடு ஒட்டிக்கொள்ளும். வெளிக்காற்று பக்கவாட்டில் உள்ளே புகாமலிருக்க, தரையைத் தொட்டபடி மேலும் கீழும் நகரும் தடுப்புகள். இவற்றுக்கு ஸ்கர்ட் என்று பெயர். 1978-ல் மரியோ ஆன்ட்ரெட்டி லோட்டஸ் காரில் உலகச் சாம்பியன் ஆனார். அப்புறம் கேட்கவா வேண்டும், எல்லோரும் அதே வழிதான்.

இதில் ஆபத்தும் இருந்தது. வளைவின் நடுவில் ஸ்கர்ட் சிக்கிக்கொண்டால் அந்தப் பிடிப்பு சட்டென்று போய்விடும். ஓட்டுநர் கையில் எதுவும் இருக்காது. அதனால் 1981-ல் நகரும் ஸ்கர்ட்டுகளுக்குத் தடை வந்தது. கூடவே, காருக்கும் தரைக்கும் இடையே எப்போதும் 6 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும் என்றும் விதி போட்டார்கள்.

நல்ல விதிதான். ஆனால் எப்படி அளப்பது? ஓடுகிற காரை யாரும் அளக்க முடியாது. வண்டி வந்து நின்ற பிறகுதான் அளக்க முடியும்.

இந்த ஓட்டையைக் கண்டுபிடித்தவர் பிரபாம் அணியின் வடிவமைப்பாளர் கார்டன் மர்ரி. அவர் காரின் சஸ்பென்ஷனில் காற்றும் எண்ணெயும் சேர்ந்து வேலை செய்தன. வேகம் கூடும்போது காற்று காரைக் கீழே அழுத்தும். அந்த அழுத்தத்தில் எண்ணெய் மிகச் சிறிய துளை வழியாக ஒரு தொட்டிக்கு மெல்லப் போகும், கார் இறங்கும். துளை சின்னது என்பதால், வளைவில் கொஞ்ச நேரம் வேகம் குறைந்தாலும் எண்ணெய் அவசரமாகத் திரும்பி வராது. பந்தயம் முடிந்து மெதுவாக ஒரு சுற்று வரும்போது எண்ணெய் திரும்பிவிடும், கார் எழுந்துகொள்ளும். அளவுகோலோடு காத்திருப்பவர் முன்னால் சமர்த்தாக 6 சென்டிமீட்டர்!

இதை என் பையனிடம் சொன்னபோது, "அப்போ இது சீட்டிங்தானேப்பா?" என்று கேட்டான். மர்ரி தரப்பு வாதம் இதுதான்: பிரேக் போட்டால் எந்தக் காரும் தாழும், அதை யாரும் குற்றம் சொல்வதில்லை. இதில் ஓட்டுநர் இயக்கும் விசை எதுவும் கிடையாது, காற்றுதான் இறக்குகிறது. எதிரணிகள் கத்திப் பார்த்தும் எடுபடவில்லை. ஏப்ரலில் அர்ஜென்டினா பந்தயத்தில் நெல்சன் பிக்கே அந்தக் காரில் ஜெயித்தார். இரண்டாவதாக வந்தவர் அந்த ஊர்க்காரரான கார்லோஸ் ராய்ட்டமன். வருடக் கடைசியில் பிக்கேவுக்கு 50 புள்ளிகள், ராய்ட்டமனுக்கு 49. ஒரே புள்ளியில் ஒரு மனிதரின் உலகப் பட்டம் போயிற்று.

மற்ற அணிகள் சும்மா இருப்பார்களா? அவர்கள் நேராக விசையையே வைத்துவிட்டார்கள். தட்டினால் கார் இறங்கும், தட்டினால் ஏறும். அதையும் அனுமதித்தார்கள். இறக்கிய கார் அசையாமல் இருக்க ஸ்பிரிங்குகளைக் கல் மாதிரி இறுக்கினார்கள். சாலையின் ஒவ்வொரு மேடு பள்ளமும் ஓட்டுநரின் முதுகெலும்பில் நேராக இடித்தது. ஓட்டுநரைக் காப்பாற்ற வந்த விதி, கடைசியில் அவர் முதுகில் போய் விடிந்தது.

இங்கே புனேயில் தினமும் பார்க்கிறேன். ஹெல்மெட் கையில் தொங்கும். போலீஸ்காரர் நிற்கும் சிக்னல் நெருங்கும்போது தலைக்கு ஏறும், தாண்டியதும் கைக்கு இறங்கும். இதுவும் ஒரு மாதிரி ஹைட் அட்ஜஸ்ட்மென்ட்தான் :-) ஆனால் மர்ரி இழக்கக்கூடியது ஒரு பந்தயம். நம் ஆட்கள் பணயம் வைப்பது தலையை.

பையனுக்கு நான் சொன்ன பதில் இது: சட்டத்தின் வார்த்தைப்படி மர்ரி தப்பவில்லை என்று வாதிடலாம், அது எதற்காக வந்ததோ அதன்படி முடியாது.

1982-ல் அந்த 6 சென்டிமீட்டர் விதியையே கைவிட்டார்கள். 1983-ல் வேறு விதி வந்தது: சக்கரங்களுக்கு இடையே காரின் அடிப்பாகம் தட்டையாக இருக்க வேண்டும். தட்டையான பலகை நிற்கும்போதும் தட்டைதான், பறக்கும்போதும் தட்டைதான். எங்கே வைத்துப் பார்த்தாலும் ஒரே பதில். விதி எழுதுகிறவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

அந்த வருடச் சாம்பியன் யார் என்கிறீர்கள்? மர்ரி வடிவமைத்த தட்டை வயிற்றுக் காரில், அதே பிக்கே!