திமிங்கிலம், கியர்பாக்ஸ், குன்னூர் மலைப்பாதை

மலை ஏறுவது பெரிய வித்தையில்லை, இறங்குவதுதான் வித்தை! நம்ம ஊட்டி மலை ரயிலுக்கு இது 1899-லேயே தெரியும். அந்த வருஷம்தான் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை அது ஓட ஆரம்பித்தது. கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புச் சட்டங்கள். இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். இறங்கும்போது இன்ஜினின் சிலிண்டர்களே காற்றை அமுக்கி வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்கை மட்டும் நம்புகிற வேலையே கிடையாது.

அதே மலையில் இன்று நீங்கள் ஆட்டோமேடிக் காரில் போகிறீர்கள். இரும்புப் பல்லுக்குப் பதிலாக அங்கே ஓர் எண்ணெய்! எப்படி என்கிறீர்களா? இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வையுங்கள். ஒன்று சுழன்றால் அந்தக் காற்றில் மற்றதும் சுற்றும். காற்றுக்குப் பதில் எண்ணெய், அவ்வளவுதான் சூட்சுமம். கியரை மாற்றி, அதை இறுக்கிப் பிடிப்பதும் இதே எண்ணெயின் அழுத்தம்தான். (ஏ.எம்.டி. வண்டிகளின் கதை வேறு.)

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 1939-ல் 'ஹைட்ராமேட்டிக்' என்ற கியர்பாக்ஸை அறிமுகம் செய்தது. பிற்பாடு இந்த எண்ணெய்க்கென்றே தனித் தரம் வகுத்தார்கள். அதில் என்ன கலந்தார்கள் தெரியுமா? ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய்! சூட்டைத் தாங்கும், கிளட்ச் வெடுக்கென்று இழுக்காது. காருக்காகக் கடலில் ஓர் உயிர் போனது. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கா தடை போட்டதும் ரசாயன நிபுணர்கள் திண்டாடித்தான் மாற்று கண்டுபிடித்தார்கள்.

இந்த எண்ணெய்க்கு எதிரி சூடு. குன்னூர் ஏற்றத்தில் அது நன்றாகவே காயும். கருத்துப்போய், தீய்ந்த வாடை அடித்தால் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். அப்புறம் இறக்கத்தில் லோ கியரை எது பிடிக்கும்?

வீட்டிலேயே மாற்றப் போகிறீர்களா? முதலில் சமதரை வேண்டும். நீலகிரியில் அதைத் தேடுவதே பாதி வேலை! சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் நுழையவே நுழையாதீர்கள். உறுதியான ஸ்டாண்டு கட்டாயம். ஓடி வந்த கையோடு திறந்தால் எண்ணெய் கையைப் பொசுக்கிவிடும். ஆறவிடுங்கள். வடிந்ததை அளந்து, அதே அளவு ஊற்றி, கையேடு சொல்லும் சூட்டில் மட்டம் பாருங்கள். எந்த எண்ணெய் என்பதையும் கையேட்டில் பார்த்தே வாங்குங்கள், சி.வி.டி. வண்டிக்கான எண்ணெய் வேறு. அளவுகுச்சியே இல்லாத வண்டி என்றால் மெக்கானிக்கிடம் விட்டுவிடுவது உத்தமம்.

கடைசியாக ஒன்று. பழைய எண்ணெயைச் சாக்கடையில் கொட்டிவிடாதீர்கள். குன்னூர் ஆறு கீழே போய்ச் சேருவது பவானியில். அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்கள் சமவெளியில் இருக்கிறார்கள். ஒரு கேனில் பிடித்து, பழைய ஆயிலை மறுசுழற்சிக்கு அனுப்பும் ஒர்க்ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். திமிங்கிலம் தப்பித்துவிட்டது, பவானியும் தப்பிக்கட்டுமே!