குடிசை மாற்றமும் குழந்தைகளின் கல்வியும்

சென்னையில் கூவம், அடையாற்றுக் கரைகளில் குடிசையிட்டு வாழ்ந்தோருள் மிகப் பலர் நம் மக்களே. அவர்தம் நிலை குறித்து ஈண்டுச் சில கூறுவோம்.

1970-இல் குடிசை மாற்று வாரியம் தோன்றிற்று. 1971-இல் அதற்கெனச் சட்டமும் இயற்றப்பெற்றது. தொடக்கத்தில் வாரியம் குடிசைகள் இருந்த இடங்கள் பலவற்றிலேயே மாடி வீடுகளைக் கட்டித் தந்தது. ஆதலின் தொழிலும் பள்ளியும் அருகிலேயே இருந்தன. பிற்காலத்தில் இந்நெறி மாறிற்று. 2000-ஆம் ஆண்டு முதல் துரைப்பாக்கத்தை அடுத்த கண்ணகி நகரிலும், பின்னர்ச் செம்மஞ்சேரி, பெரும்பாக்கத்திலும் பல்லாயிரம் குடும்பங்கள் குடியேற்றப்பட்டன.

மழை ஒழுகாத கூரை கிடைத்ததை நாம் மறுக்கவில்லை. ஆயினும் பழைய வேலையிடம் ஏறத்தாழ 20 கிலோமீட்டருக்கு அப்பால் நின்றுவிட்டது. கூலியின் ஒரு பகுதியைப் பேருந்துக் கட்டணம் விழுங்கியது; வீட்டு வேலை செய்த தாய்மார் பலர் பிழைப்பை இழந்தனர். குடியிருப்பின் பெயரைக் கேட்டதும் வேலை மறுத்தோரும் உண்டு. ஊர்ப்புறத்தே சேரியை ஒதுக்கிய பழைய வழக்கமே நகர்ப்புறத்தே மீண்டும் தலைகாட்டிற்று.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின், கல்வியாண்டின் நடுவிலேயே குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்குப் பெயர்க்கப்பட்டன. பிள்ளைகள் பலரின் படிப்பு இடையில் முறிந்தது.

2021-இல் வாரியம் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் பெற்றது. பெயருக்கேற்ற பணி யாதெனில், குடும்பங்களைப் பெயர்க்குமுன் அவர்தம் பிள்ளைகளுக்குப் பள்ளியை அமைத்தலே. இதனை வலியுறுத்துவது கல்விப் பணியில் நிற்கும் நம் அனைவரின் கடமையாகும்.