அடகில் விழுந்த சட்டப் படிப்பு

1930ஆம் ஆண்டு. அமெரிக்க நாட்டின் பால்டிமோர் நகரத்துக் கறுப்பின இளைஞர் ஒருவர் சட்டம் பயில விரும்பினார். தம் மாநிலப் பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரிக் கதவு அவருக்குத் திறக்கவில்லை. நிறம் அங்கே வாயிற்காவலனாய் நின்றது. வாஷிங்டன் நகரத்து ஹோவர்டு பல்கலைக்கழகம் இடம் கொடுத்தது. பணத்துக்கு எங்கே போவது? அவருடைய தாய் ஒரு பள்ளி ஆசிரியை. தம் திருமண மோதிரத்தையும் நிச்சயதார்த்த மோதிரத்தையும் அடகு வைத்தார். மகன் படித்தார், 1933இல் வகுப்பின் முதல் மாணவராய்த் தேறினார். 1954இல், கறுப்பர்க்கு ஒரு பள்ளி, வெள்ளையர்க்கு ஒரு பள்ளி என்ற அநீதியை உச்ச நீதிமன்றத்தில் வாதாடி வீழ்த்தினார். 1967இல் அந்த நீதிமன்றத்திலேயே முதல் கறுப்பின நீதிபதியாய் அமர்ந்தார். அவர்தாம் தர்குட் மார்ஷல்.

அந்தத் தாயைப் போற்றுகிறோம். ஆனால் போற்றுவதோடு நின்றுவிட்டால் அது பக்தியாகுமே தவிரப் பகுத்தறிவாகாது. ஏழைக்காக வாதாட ஒருவர் உருவாக வேண்டுமானால் ஒரு தாய் எதையேனும் அடகு வைத்தே தீர வேண்டுமா? இதுவன்றோ கேட்க வேண்டிய கேள்வி! பின்னாளில் அந்நாட்டில் மோதிரத்தின் இடத்தைக் கடன் பத்திரம் பிடித்தது. மாணவர் தம் எதிர்காலத்தையே அடகு வைத்துச் சட்டம் படித்தனர். அந்த அடகை மீட்க அந்நாட்டார் கண்ட வழி யாது, அவ்வழியில் கிடந்த முள் யாது என்பதை இங்கே ஆராய்வோம்.

முதலில் உரிமையின் கதை. 1961இல் புளோரிடா மாநிலத்தின் பனாமா சிட்டி நகரில், ஒரு விளையாட்டுக் கூடத்தை உடைத்துத் திருடியதாகக் கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன் என்பவர் மீது வழக்கு. கையில் காசில்லை. “எனக்கு ஒரு வழக்கறிஞரைத் தாருங்கள்” என்று நீதிபதியிடம் கேட்டார். மரண தண்டனைக்குரிய குற்றமானாலன்றித் தருவதற்கில்லை என்பது அம்மாநிலச் சட்டம். தாமே வாதாடினார், தோற்றார், ஐந்தாண்டுச் சிறை பெற்றார். சிறையிலிருந்தபடியே பென்சிலால் உச்ச நீதிமன்றத்துக்கு மனு எழுதினார். 1963 மார்ச் 18இல் தீர்ப்பு வந்தது. பெருங்குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்கு வழக்கறிஞரைத் தருவது அரசின் கடமை என்றது நீதிமன்றம். அதே ஆண்டு ஆகஸ்டில் மறு விசாரணை. இம்முறை வழக்கறிஞர் ஒருவர் உடன் நின்றார். கிடியன் குற்றமற்றவர் என்று விடுதலையானார். மனிதர் அவரே, வழக்கும் அதுவே. பக்கத்தில் வழக்கறிஞர் நின்றதுதான் புதிது!

உச்ச நீதிமன்றத்தில் கிடியனுக்காக ஊதியமின்றி வாதாடியவர் ஏப் போர்ட்டஸ் என்ற புகழ்பெற்ற வழக்கறிஞர். பெருந்தன்மைதான், மறுக்கவில்லை. ஆனால் பெரியவர் ஒருவர் ஒரு வழக்குக்கு மனம் இரங்கலாம். ஊர்தோறும் நீதிமன்றம், நாள்தோறும் வழக்கு. அங்கெல்லாம் யார் நிற்பது? அதையே தொழிலாகக் கொண்டு, குறைந்த ஊதியத்தில், ஆண்டுக்கணக்கில் உழைப்பவர் வேண்டும். வீட்டை விட்டு விரட்டப்படுவோர், கூலி மறுக்கப்பட்டோர் முதலியோரின் உரிமையியல் வழக்குகளுக்கோ கிடியன் தீர்ப்பின் காப்பும் இல்லை. அவர்களுக்காக 1974இல் சட்டப்பணிக் கழகம் ஒன்றைச் சட்டமியற்றி அமைத்தனர். அதன் நிதி பெறும் அலுவலகங்களிலும் ஊதியம் குறைவே.

இங்கேதான் கடன் குறுக்கே வந்தது. அந்நாட்டில் நான்காண்டுப் பட்டம் பெற்ற பின்னரே மூன்றாண்டுச் சட்டப் படிப்பு. கல்லூரிக் கட்டணம் ஏறிக்கொண்டே போயிற்று. இன்று 1,00,000 டாலருக்கு மேற்பட்ட கடனுடன் வெளியேறும் சட்டப் பட்டதாரிகள் பலர். ஏழைகளுக்காகவே வாதாடுவேன் என்ற உறுதியுடன் நுழையும் இளைஞர், பட்டத்தோடு தவணைச் சீட்டையும் பெற்று வெளியே வருகிறார். ஒரு பக்கம் பெருநிறுவனங்களின் வழக்குகளைக் கவனிக்கும் அலுவலகம், கைநிறையச் சம்பளம். மறுபக்கம் ஏழைகளின் வழக்குகளைக் கவனிக்கும் அலுவலகம். கடன் தவணை கட்டினால் வீட்டு வாடகைக்கு மிஞ்சாது. அவர் எங்கே போவார்? கட்சிக்காரரை வழக்கறிஞர் தேர்ந்தெடுப்பதாக நாம் எண்ணுகிறோம். இல்லை, தோழர்களே! கடன் தேர்ந்தெடுக்கிறது!

இதற்கு மருந்து புதிதாய்க் காண வேண்டியதாயில்லை. 1957இல் சோவியத்து நாடு ஸ்புட்னிக்கை விண்ணில் ஏற்றியதும் திடுக்கிட்ட அமெரிக்கா, 1958இல் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் இயற்றி மாணவர்க்குக் கடன் கொடுத்தது. அக்கடன் பெற்றவர் பொதுப் பள்ளியில் ஆசிரியரானால் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்காக, கடனில் பாதி வரை தள்ளுபடி! பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திப் பிழைக்கும் நமக்கு இதைப் படிக்கும்போதே நெஞ்சு குளிர்கிறது. பொதுமக்களுக்குச் செய்யும் பணியே கடனைத் தீர்க்கும் நாணயம் என்று ஓர் அரசு ஏற்றுக்கொண்டதல்லவா?

அந்தக் கருத்து சட்டப் பட்டதாரிக்கு எட்ட இருபது ஆண்டுகள் பிடித்தன. 1978இல் ஹார்வர்டு சட்டக் கல்லூரி, குறைந்த வருவாயுள்ள பணியை ஏற்கும் தன் பட்டதாரிகளின் கடன் தவணைக்கு உதவும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. வேறு கல்லூரிகளும் அவ்வழியில் வந்தன. பல கல்லூரிகளில் நடைமுறை இது: தவணைக்கான தொகையைக் கல்லூரி கடனாகத் தரும், பட்டதாரி குறித்த காலம் பொதுநலப் பணியில் நிலைத்தால் அக்கடன் நீங்கும். நல்ல ஏற்பாடுதான். ஆயின் செல்வம் படைத்த கல்லூரிக்குக் கை நீளம். எளிய கல்லூரிக்குக் கை குட்டை. எளிய வீட்டுப் பிள்ளை எளிய கல்லூரியில் படித்தால் உதவியும் எளியதாகவே அமையும்! எனவே அரசு முன்வர வேண்டுமென்ற குரல் எழுந்தது.

2007 செப்டம்பரில் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட கல்லூரிச் செலவுக் குறைப்புச் சட்டம் அக்குரலுக்குச் செவி கொடுத்தது. அரசுப் பணியிலோ இலாப நோக்கமற்ற அறநிறுவனத்திலோ முழு நேரம் உழைப்பவர், தம் வருவாய்க்கேற்ற தவணையாக 120 மாதத் தவணை கட்டினால், எஞ்சிய கடன் நீங்கும் என்றது. வழக்கறிஞருக்கு மட்டுமன்று, ஆசிரியர், செவிலியர், தீயணைப்பு வீரர் அனைவர்க்கும் பொது. 2008இல் வந்த மற்றொரு சட்டம், அரசு வழக்கறிஞரும் ஏழைகளின் வழக்கறிஞரும் மூன்றாண்டுப் பணிக்கு உறுதி தந்தால், ஆண்டுக்கு 10,000 டாலர் வரை, மொத்தம் 60,000 டாலர் வரை அவர்தம் கடனுக்கு உதவ வழி செய்தது.

பத்தாண்டு உழைத்தவர்கள் 2017 அக்டோபர் முதல் பலன் கேட்டு வந்தனர். 2018 ஜூன் முடிய விண்ணப்பித்தவர் ஏறத்தாழ 28,000 பேர். கடன் நீங்கப் பெற்றவர் எத்தனை பேர்? 96 பேர்!

ஏன் இந்த அவலம்? கடன் நேரடியாக அரசிடம் பெற்றதாக இருக்க வேண்டுமென்று சட்டம் கூறிற்று. 2010 வரை மாணவர் பலர் பெற்றதோ அரசு பொறுப்பேற்க வங்கிகள் கொடுத்த கடன். தவணைத் திட்டம் இன்ன வகையாக இருக்க வேண்டும் என்றது. அதைத் தெளிவாக எடுத்துச் சொல்ல வேண்டிய வசூல் நிறுவனங்கள் பலருக்குச் சொல்லவில்லை. ஆண்டுக்கணக்கில் கட்டிய தவணைகள் கணக்கில் சேராமற் போயின. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? வாக்குக் கொடுத்தவன் அரசன். வாயிலை அடைத்தவை விண்ணப்பப் படிவங்கள்!

பாதிக்கப்பட்டோர் வாளாவிருக்கவில்லை. முறையிட்டனர், வழக்காடினர். 2021 அக்டோபரில் அரசு விதிகளைத் தளர்த்தியது; ஓராண்டுக் காலம் பழைய தவணைகளையும் எண்ணிக்கொள்ள இசைந்தது. 2024 அக்டோபருக்குள் கடன் நீங்கியோர் தொகை 10 இலட்சத்தைத் தாண்டியது. சட்டத்தின் வாக்குறுதி அதுவேதான். படிவத்தைப் படிக்கும் மனம் மாறியது, 96 பேர் 10 இலட்சமாயினர்!

“நாளை செல்வராகப் போகும் வழக்கறிஞரின் கடனை, உழைப்பாளியின் வரிப் பணத்தில் தீர்ப்பதா?” என்று கேட்பாரும் உளர். கேள்வியை ஒதுக்க வேண்டாம், எடைபோடுவோம். செல்வம் நாடிப் போனவர்க்கு இச்சட்டத்தில் இடமில்லை. பத்தாண்டு போகாதவர்க்கே இடம். அந்தப் பத்தாண்டில் பயன் பெறுபவர் யார்? வழக்கறிஞரை அமர்த்தக் காசில்லாத அதே உழைப்பாளி! கடன் நீங்குவது வழக்கறிஞருக்குத் தரும் பரிசன்று; வழக்கறிஞர் ஏழையின் பக்கத்தில் நிற்பதற்குச் சமுதாயம் செலுத்தும் விலை. கடன்தான் நீங்குமே என்று கல்லூரிகள் கட்டணத்தை ஏற்றலாம் என்ற அச்சம் நியாயமானதே. அதற்குத் தீர்வு கட்டணத்துக்குக் கடிவாளம். ஏழையின் வழக்கறிஞரைக் கைவிடுவதன்று.

2025இல் காற்று திசை மாறியது. அவ்வாண்டு ஜூலை 4இல் கையெழுத்தான சட்டம், தொழிற்படிப்புக்கான அரசுக் கடனுக்கு ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என 2026 ஜூலை முதல் வரம்பு கட்டியது. வரம்புக்கு மேல் தேவைப்பட்டால் தனியாரிடம் வாங்க வேண்டும். தனியார் கடனுக்கோ இத்தள்ளுபடி இல்லை. அதே ஆண்டு அக்டோபரில் கல்வித் துறை ஒரு விதி வெளியிட்டது. கணிசமான அளவுக்குச் சட்டவிரோத நோக்கம் உடையவை என்று துறை முடிவு செய்யும் நிறுவனங்களில் பணிபுரிவோர்க்குத் தள்ளுபடி இல்லை என்றது அது. மாநிலங்களும் நகரங்களும் தொண்டு அமைப்புகளும் அதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தன. குடியேறியோர்க்காகவும் சிறுபான்மையோர்க்காகவும் அரசையே எதிர்த்து வாதாடும் அலுவலகங்கள் முதலில் அஞ்சியதில் வியப்பென்ன? வங்கி செய்ததை அமைச்சகம் செய்தால், வழக்கறிஞர் யாருக்காக நிற்கலாம் என்பதை மீண்டும் கடனே தீர்மானிக்கும்.

கிடியனுக்குக் கிடைத்த உரிமை காகிதத்தில் அழியாது. ஆனால் காகிதம் எழுந்து வாதாடாது. வாதாட ஆள் வேண்டும். அந்த ஆள் வயிறாரச் சாப்பிட வேண்டும். வாடகை கட்ட வேண்டும். கடன்காரன் கதவைத் தட்டாத இரவொன்றில் மறுநாள் வழக்குக் கட்டைப் படிக்க வேண்டும். ஏழைக்கு நீதி வழங்குவதாகச் சொல்லும் அரசு எதுவாயினும், முழங்கும் மேடையை விட்டு அதன் கணக்குப் புத்தகத்தைப் புரட்டுங்கள். ஏழையின் வழக்கறிஞருக்கு அதில் எத்தனை வரி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அந்த அரசின் நீதி எவ்வளவு என்பது அங்கே தெரியும்.