யாரைப் பற்றி எழுதுவது? - தூத்துக்குடி, 1908

எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் அறநெறிப் பாடத்துக்கு ஒரு கட்டுரை எழுதச் சொல்வார்கள்: ‘என்னைக் கவர்ந்த மனிதநேயர்’. சேரியிலிருந்து படிக்கப் போகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பார்கள், “அண்ணே, சவேரியாரை எழுதவா, வ.உ.சி.யை எழுதவா?” முத்துக்குளித்துறையில் இந்த ரெண்டு பெயர்தான் முதலில் வாயில் வரும்.

ரெண்டும் லேசான பெயர்கள் இல்லை. 1544-ல் வடுகர் படைக்குப் பயந்து ஓடிய பரவர்கள், குமரிமுனைக் கடற்பாறைகளில் பசியிலும் தாகத்திலும் செத்துக்கொண்டிருந்தார்கள். கேள்விப்பட்ட பிரான்சிஸ் சவேரியார் இருபது தோணிகளோடு கிளம்பினார். எதிர்காற்று விடவில்லை, கரைவழியே நடந்தே போனார். வ.உ.சி.யோ, ஹார்வி கம்பெனியின் கோரல் மில்லில் 1908 பிப்ரவரி 27 அன்று தொடங்கிய வேலைநிறுத்தத்தில் தொழிலாளரோடு நின்றார். கூலி உயர்ந்தது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைத்தது. வேளாளர் வீட்டு வக்கீல் மில் கூலிகளோடு தெருவில் நின்றது அந்தக் காலத்துக்குச் சின்ன விஷயமா?

ஆனால் மனிதநேயம் என்றாலே மேலேயிருந்து கீழே இறங்கி வருகிற ஒன்றாகத்தான் கட்டமைத்து வைத்திருக்கிறார்கள். கொடுக்கிறவருக்குப் பெயர் உண்டு. நாம் எப்போதும் வாங்குகிற கை. அந்தக் கை ஒருநாள் கொடுத்ததே, அது எந்தப் பாடத்தில் இருக்கிறது?

1908 மார்ச் 12-ல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைது செய்யப்பட்டார்கள். மறுநாள் திருநெல்வேலியில் துப்பாக்கிச் சூடு, நாலு பேர் சாவு. தூத்துக்குடியில் கடைகள் மூடின. குதிரை வண்டிக்காரர்கள் வண்டி பூட்டவில்லை. நகராட்சித் துப்புரவுத் தொழிலாளர்களும், வீடுவீடாகத் துப்புரவு செய்தவர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். எடுப்புக் கக்கூஸ் காலம் அது. அந்த வேலை எந்தச் சாதிகளின் தலையில் கட்டப்பட்டிருந்தது என்று இந்த இதழின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அவர்கள் தங்கள் கூலிக்காக நிற்கவில்லை. சிறைக்குப் போனவர் அவர்கள் சாதியும் இல்லை. அவர்களைத் தீட்டு என்று ஒதுக்கிய தெருக்களில் பிறந்தவர். அவருக்காக, அன்றாடங்காய்ச்சிகள் அன்றைய கஞ்சியை விட்டுக்கொடுத்தார்கள். தியாகத்துக்கு வேறு என்ன இலக்கணம் வைத்திருக்கிறீர்கள்?

மில்காரர் பக்கம் பேசிய ஒரு வக்கீலைப் பாதிச் சவரத்தோடு விட்டுவிட்டு எழுந்துபோன நாவிதர் கதையாவது இன்றைக்கும் சொல்லப்படுகிறது. அதிலும் வக்கீலுக்குப் பெயர் உண்டு, நாவிதருக்கு இல்லை.

வ.உ.சி. சிறையில் இழுத்த செக்கு கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கிறது. 2011-ல் துறைமுகத்துக்கும் அவர் பெயர் வைத்தார்கள். நியாயம்தான், அதில் எனக்குச் சண்டையில்லை. பிள்ளைகளிடம் நான் சொல்வது இதுதான்: ‘தூத்துக்குடித் துப்புரவுத் தொழிலாளர்கள், 1908’ என்று தலைப்புப் போடுங்கள். ஒருத்தரைத்தானே எழுதச் சொன்னேன் என்று வாத்தியார் மார்க்கைக் குறைத்தால் குறைக்கட்டும். அதற்கு முன்னால் அந்தக் குடியிருப்புகளுக்குப் போய், பாட்டிமார் தங்கள் பாட்டிமார் வாயால் கேட்டது ஏதாவது மிச்சமிருக்கா என்று விசாரித்துவிட்டு வாருங்கள்.