அரசிதழில் எழுதிய காடு: கிள்ளான் பள்ளத்தாக்கின் வனக் காப்பகங்கள்



நம் நாட்டின் தேசியப் பூங்கா எது என்று வகுப்பில் கேட்டால், "தாமான் நெகாரா" என்று நாலைந்து பேராவது உடனே கை தூக்குவார்கள். "சரி, உங்க வீட்டுக்குப் பக்கத்துல சட்டம் போட்டுக் காப்பாத்தற காடு எது?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது. இத்தனைக்கும் கிள்ளான், ஷா ஆலம், கெப்போங், அம்பாங், பந்திங் என்று நாம் பாடம் நடத்தும் ஊர்களைச் சுற்றி நூறாண்டுக்கு மேலாக வனக் காப்பகங்கள் இருந்து வருகின்றன. அவை எப்படி உருவாயின, எப்படிச் சுருங்கின என்பதை நம் வட்டாரத்தின் வரலாறாகவே மாணவர்களுக்குச் சொல்லலாம். பாடநூலில் இதற்கு இடம் குறைவு. அதனால்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

கே.எல். சென்ட்ரலில் மோனோரயில் ஏறினால் சில நிமிடத்தில் வந்துவிடும் புக்கிட் நானாஸிலிருந்து தொடங்கலாம். நானாஸ் என்றால் அன்னாசி. சிலாங்கூர் உள்நாட்டுப் போரின்போது, 1870களின் தொடக்கத்தில், இந்தக் குன்றின் மேல் ஒரு கோட்டை இருந்தது. எதிரி வெறுங்காலோடு ஏறி வந்துவிடாதபடி சுற்றிலும் அன்னாசியை முள்வேலியாக நட்டார்கள் என்று சொல்வார்கள். 1906இல் இந்தக் குன்று வனக் காப்பகமாக அரசிதழில் இடம் பெற்றது. அப்போது அதன் பெயர் புக்கிட் வெல்ட். நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராக இருந்த ஃபிரெடரிக் வெல்டின் நினைவாக வைத்த பெயர். பரப்பளவு 17.5 ஹெக்டர். 1950இல் வனவிலங்கு, பறவைகள் சரணாலயம் என்ற தகுதியும் சேர்ந்தது. இன்று அங்கே எஞ்சியிருப்பது 9 ஹெக்டரைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். கிட்டத்தட்டப் பாதி போய்விட்டது.

அதே குன்றின் மேல்தான் 1990களில் கோலாலம்பூர் கோபுரம் எழுந்தது. கட்டுமான இடத்தில் நூறு வயதைத் தாண்டிய ஜெலுத்தோங் மரம் ஒன்று நின்றது. அதை வெட்டாமல், தடுப்புச் சுவரை வேறு விதமாகக் கட்டினார்கள். அதற்கு 4 லட்சத்து 30 ஆயிரம் ரிங்கிட் கூடுதலாகச் செலவானது. இதை மாணவர்களிடம் சொன்னால் மகிழ்ச்சியாகக் கேட்பார்கள். சொல்ல வேண்டியதுதான். ஆனால் ஒரு மரத்தின் கதையைச் சொல்லும்போது, குறைந்துபோன எட்டு ஹெக்டரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இந்தக் காப்பகங்களை ஏன் உருவாக்கினார்கள்? இயற்கை மீது கொண்ட பாசம் என்று நினைக்க வேண்டாம். ஈயத்தை உருக்க மரக்கரி வேண்டும். சுரங்கங்களைச் சுற்றியிருந்த காடுகளை அது தின்று தீர்த்தது. 1881இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அழித்த பிறகு, ஊரைச் செங்கல்லால் கட்ட வேண்டும் என்று முடிவானது. பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயர் அந்தச் செங்கல் சூளைகளால் வந்தது. சூளைக்கும் விறகு வேண்டும். 1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளான் பக்கத்திற்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. தண்டவாளத்தின் அடியில் போடும் கட்டைகளுக்கு செங்கால் போன்ற உறுதியான மரம் தேவைப்பட்டது. கடலடித் தந்திக் கம்பிக்கு உறை போட, கட்டாப்பெர்ச்சா என்ற பாலுக்காகத் தாபான் மரங்களை வெட்டிச் சாய்த்துக் கொண்டிருந்தார்கள். இப்படியே போனால் மரமே மிஞ்சாது என்ற கணக்கில், 1901இல் பர்மாவின் வனத்துறையிலிருந்து பர்ன்-மர்டாக் என்ற அதிகாரியைத் தலைமை வன அதிகாரியாகக் கொண்டு வந்தார்கள். ஆக, காப்பகம் என்ற சொல்லின் முதல் பொருள் 'பிறகு பயன்படுத்த ஒதுக்கி வைத்தது' என்பதுதான். இதை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் பல விஷயங்கள் புரியும்.

அதே காலத்தில், காப்பகக் கோட்டுக்கு வெளியே இருந்த காடு வேகமாக ரப்பர் தோட்டமானது. காட்டை அழித்தவர்களிலும், அங்கே கன்று நட்டுப் பால் வெட்டியவர்களிலும் நம் முன்னோர் பலர் இருந்தார்கள். முடிவு எடுத்தவர்கள் வேறு, லாபம் பார்த்தவர்கள் வேறு. என்றாலும் உழைத்த கைகள் தமிழ்க் கைகள். நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை. மறைக்க வேண்டியதும் இல்லை.

இப்போது தாமான் நெகாராவுக்கு வருவோம். பிரிக்பீல்ட்ஸ் பக்கத்தில் இருக்கும் பழைய ரயில் நிலையம் உங்களுக்குத் தெரியும், 1910இல் திறந்தது. அதை வடிவமைத்தவர் ஆர்தர் பெனிசன் ஹபாக். அவருடைய சகோதரர் தியோடர் ஹபாக், யானையையும் காட்டெருதையும் சுட்டுப் பேர் வாங்கிய வேட்டைக்காரர். வயதாக ஆக மனம் மாறி, இந்த விலங்குகள் அழியாமல் இருக்க ஒரு பெரிய காடு வேண்டும் என்று பல ஆண்டுகள் போராடினார். மலாயாவின் வனவிலங்கு ஆணையத்துக்குத் தலைமை தாங்கி, 1932இல் அறிக்கை கொடுத்தார். குனோங் தாஹான் பகுதியில் 1925இல் ஏற்படுத்திய வேட்டைத் தடைப் பகுதி பிறகு விரிவாகி, 1938, 1939ஆம் ஆண்டுகளில் பகாங், கிளந்தான், திரெங்கானு மூன்று மாநிலங்களும் தனித்தனியே சட்டம் இயற்ற, ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தேசியப் பூங்காவானது. சுதந்திரத்திற்குப் பிறகு அதன் பெயர்தான் தாமான் நெகாரா. பரப்பளவு 4,343 சதுர கிலோமீட்டர்.

இங்கே ஒரு நுணுக்கம். தாமான் நெகாரா அதற்கென்றே இயற்றிய சட்டங்களால் உருவானது. 1970களில் தெம்பெலிங் ஆற்றில் அணை கட்டும் திட்டம் எழுந்து, பூங்காவின் ஒரு பகுதி மூழ்கும் என்று எதிர்ப்புக் கிளம்பி, 1980களின் தொடக்கத்தில் அத்திட்டம் கைவிடப்பட்டது. வனக் காப்பகத்துக்கு இப்படித் தனிச் சட்டம் கிடையாது. கூட்டரசு அரசமைப்புச் சட்டப்படி நிலமும் காடும் மாநில அரசின் கையில். 1984ஆம் ஆண்டு தேசிய வனவியல் சட்டத்தின் கீழ், மாநில அரசு அரசிதழில் ஓர் அறிவிப்பு வெளியிட்டால் காப்பகம் உண்டாகும். இன்னோர் அறிவிப்பு வெளியிட்டால் இல்லாமல் போகும்.

அந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவை ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். காப்பகமாக வைத்திருக்கும் தேவை இனி இல்லை என்றாலோ, இப்போதைய பயனைவிடக் கூடுதல் பொருளாதாரப் பயன் கிடைக்கும் என்றாலோ, அந்த நிலத்தை நீக்கலாம். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன் 12ஆம் பிரிவு, நீக்கிய அளவுக்கு மாற்று நிலத்தைக் காப்பகமாக்கச் சொன்னது, அதுவும் இயலுமானால். 'கூடுதல் பொருளாதாரப் பயன்', 'இயலுமானால்' என்ற இரண்டு சொற்களுக்குள் எத்தனை காடு போகும் என்று யோசியுங்க. கிள்ளான் பள்ளத்தாக்கில் எந்தக் காட்டை எடுத்தாலும், அங்கே வீடு கட்டினால் காசு அதிகம்தானே?

கோலா லங்காட் உத்தாரா காப்பகத்துக்கு நடந்தது இதுதான். பந்திங், ஜெஞ்சாரோம், டிங்கில் வட்டாரத்தில் இருக்கும் சதுப்புக் காடு இது. 1927இல் காப்பகமானபோது ஏறக்குறைய 7,247 ஹெக்டர் இருந்தது. பல ஆண்டுகளாகத் துண்டு துண்டாகப் போய், 2020இல் சுமார் 957 ஹெக்டர் மட்டுமே மிஞ்சியது. மிஞ்சியதிலும் 97 விழுக்காட்டை நீக்கிக் கலப்பு மேம்பாட்டுத் திட்டம் கொண்டு வரலாம் என்ற அறிவிப்பு அந்த ஆண்டு பிப்ரவரியில் நாளிதழில் வந்தது. சிலாங்கூரில் காப்பகத்தை நீக்கும் முன் பொதுமக்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்ற விதி இருப்பதால்தான் அந்த அறிவிப்பாவது வந்தது. ஆட்சேபக் கடிதங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. காட்டை ஒட்டி வாழும் தெமுவான் பூர்வக்குடியினர், புக்கிட் சீடிங், புசுட் பாரு கிராமத்து மக்கள், முன்னணியில் நின்றார்கள்.

அந்தக் காட்டின் மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும், குறிப்பாகக் கிள்ளான் ஆசிரியர்களுக்கு. அது புற்கரி மண்: மக்காத இலையும் வேரும் மரமும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தண்ணீருக்குள் படிந்து உருவானது. நீர் நிறைந்திருக்கும் வரை பஞ்சு போல மழையைப் பிடித்து வைக்கும். வாய்க்கால் வெட்டி நீரை வடித்துவிட்டால் காய்ந்து, தீப்பிடித்தால் தரைக்கடியில் வாரக்கணக்கில் புகையும். மேலே தண்ணீர் ஊற்றினால் அணையாது. கிள்ளானை அடுத்த ஜொஹான் செத்தியாவில், வடித்து விவசாயம் செய்த இதே வகை மண்தான் வறட்சிக் காலத்தில் திரும்பத் திரும்பப் பற்றிக் கொள்கிறது. 2005 ஆகஸ்டில் போர்ட் கிள்ளானில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டி, அவசர நிலை பிறப்பித்தார்கள், பள்ளிகளை மூடினார்கள். அந்தப் புகையில் பெரும்பகுதி சுமத்ராவிலிருந்து வந்தது. அங்கே எரிந்ததிலும் பெரும்பங்கு இதே புற்கரிதான். முகக்கவசம் போட்டுக்கொண்டு பாடம் நடத்தியவர்கள் நம்மில் பலர் இருக்கிறோம். அதை ஒரு சதுப்புக் காட்டோடு சேர்த்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

இவ்வளவு எதிர்ப்புக்குப் பிறகும், 2021 ஆகஸ்டு இறுதியில் ஒரு செய்தி வந்தது. 536.7 ஹெக்டர் அந்த ஆண்டு மே மாதமே காப்பகத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டதாம். மூன்று மாதம் யாருக்கும் தெரியாது! கண்டனம் நாடு முழுவதும் எழுந்தது. செப்டம்பர் 8ஆம் தேதி, நீக்கும் முடிவை ரத்து செய்வதாக மந்திரி புசார் அறிவித்தார். மறு ஆண்டு நாடாளுமன்றம் தேசிய வனவியல் சட்டத்தைத் திருத்தி, காப்பகத்தை நீக்கும் முன் பொது விசாரணை நடத்துவதைக் கட்டாயமாக்கியது. மாநிலங்களும் அத்திருத்தத்தை ஏற்றால்தான் அங்கே அது செல்லும்.

இதை மக்கள் வெற்றி என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அதே 2022இல் ஷா ஆலம் மக்களுக்கு இன்னோர் அதிர்ச்சி. 1909லிருந்து காப்பகமாக இருந்த புக்கிட் செராக்காவில் 406.22 ஹெக்டர் நீக்கப்பட்டதாக அந்த ஆண்டு மே மாதம் அரசிதழ் சொன்னது. எப்போதிலிருந்து? 2000ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் தேதியிலிருந்து. அதாவது, இருபத்தோரு ஆண்டுக்கு முன்பே அது காப்பகம் இல்லை என்று இப்போது எழுதினார்கள்.

தோட்டப்புறத்திலிருந்து வந்த நமக்கு இந்த உணர்வு புதிதா என்ன? ஷா ஆலம், சுபாங் ஜெயா, பூச்சோங் என்று நகரங்கள் வளர்ந்தபோது, தலைமுறை தலைமுறையாக இருந்த லயமும் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் யாரோ ஒருவர் மேசையில் இருந்த காகிதத்தில் வேறு வகை நிலமாக மாறின. தெமுவான் மக்களின் உரிமை நம்முடையதைவிடப் பழையது, அவர்கள் இந்த மண்ணின் முதல் குடிகள். இரண்டையும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'கூடுதல் பொருளாதாரப் பயன்' என்ற சொல்லை நம் பிள்ளைகளின் தாத்தா பாட்டியிடம் விளக்க வேண்டியதில்லை.

எல்லாக் கதையும் ஒரே திசையில் போவதில்லை என்பதற்குக் கெப்போங் இருக்கிறது. 1926இல் ஃபாக்ஸ்வொர்தி என்ற அமெரிக்க வன ஆய்வாளர் அங்கே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தார். ஈயம் தோண்டிக் கைவிட்ட குழிகளும் காய்கறித் தோட்டங்களும்தான் அங்கே இருந்தன. அங்கே மரம் நட்டு நட்டு, மனிதர் கையாலேயே மழைக்காட்டை உண்டாக்கினார்கள். இன்று அதுதான் மலேசிய வன ஆராய்ச்சிக் கழகம். 2012இல் தேசிய மரபுடைமையானது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தது. நட்டு வளர்க்க நூறாண்டு ஆனது என்பதையும் மாணவர்களிடம் சொல்லுங்கள். மேலே ஒரு காகிதத்தால் போன காடுகளோடு சேர்த்து வைத்து அவர்களே கணக்குப் போடட்டும்.

வகுப்பில் செய்ய ஒரு வேலை. உங்கள் பள்ளிக்கு மிக அருகில் உள்ள வனக் காப்பகம் எது என்று மாணவர்களைத் தேடச் சொல்லுங்கள். அம்பாங், கோம்பாக் பக்கத்துப் பள்ளி என்றால், கிள்ளான் கேட்ஸ் அணைக்குப் பின்னால் இருக்கும் நீர்பிடிப்புக் காடு கிடைக்கும். அந்த மலைகளில் பெய்யும் மழைதான் குழாய்த் தண்ணீராக வருகிறது என்பதையும் சொல்லலாம். பிறகு மூன்று கேள்விகள்: எந்த ஆண்டு காப்பகமானது, அப்போது எத்தனை ஹெக்டர், இப்போது எத்தனை? விடைகளை ஒரு நேர்க்கோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். கணித ஆசிரியரும் சேர்ந்து கொள்ளலாம், விழுக்காடு அவர் பார்த்துக்கொள்வார். கோலா லங்காட்டுக்கு நீங்களே முதலில் போட்டுக் காட்டுங்கள்: 7,247லிருந்து 957.