எதைச் சுற்றி?

பாம்பன் பாலத்தில் ரயிலில் போனவர்கள் கடலைப் பார்த்திருப்பார்கள். நடுவிலிருந்த தூக்குப் பாலத்தின் சூட்சுமத்தை யோசித்திருக்க மாட்டார்கள். நானும் யோசித்ததில்லை. அதை எனக்குக் கற்பித்தவன் மண்டபத்திலுள்ள உறவினர் வீட்டுப் பையன். கற்பித்ததும் அவன் அறிவல்ல, அவன் செய்த தவறு!

பழைய பாலத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்து, அது திறந்து மூடும்படி கட்டளை எழுதிக்கொண்டிருந்தான் அவன். 'பத்து டிகிரி திரும்பு' என்றால் பாலத்தின் பாதி நிமிரவில்லை. இருந்த இடத்தை விட்டே பறந்து திரையின் ஓரத்துக்குப் போய்விட்டது.

"கணக்கெல்லாம் சரியாத்தான் இருக்கு, மாமா!" என்றான் அழாக்குறையாக.

கணக்கு சரிதான். ஆனால் எதைச் சுற்றித் திரும்புவது? வேறு இடம் சொல்லாததால், திரையின் மூலையையே மையமாகக் கொண்டு சுற்றியிருக்கிறது யந்திரம். பாலத்தின் அடிமுனையை முதலில் மூலைக்குக் கொண்டுபோய், அங்கே திருப்பி, மறுபடியும் பழைய இடத்தில் வைக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் பாலம் மீண்டும் பறக்கும்.

அப்படிச் செய்ததும் பாலம் கதவு மாதிரி திறந்தது. ஆனால் வீட்டிலிருந்த பழைய புகைப்படத்தோடு ஒத்துப்போகவில்லை. படத்தில் பாலத்தின் பாதி நிமிர்ந்ததோடு சற்றுப் பின்னுக்கும் போயிருந்தது. இங்கேதான் சரித்திரம் எங்களுக்குக் கை கொடுத்தது.

சிகாகோ எஞ்சினீயர் வில்லியம் ஷெர்சரின் யோசனை அது. அவருடைய பாலத்துக்கு அசையாத கீல் கிடையாது. அடிப்பாகம் வளைந்த இரும்பு. சமதளத் தண்டவாளத்தின் மேல் அது உருளும். நம் வீட்டு ஆடும் நாற்காலியைப் பாருங்கள். சாய்ந்தால் நாற்காலி திரும்புவதோடு பின்னாலும் நகருகிறதல்லவா? அதே வித்தைதான். நிமிர நிமிரப் பாலம் பின்வாங்கும். கப்பலுக்கு வழி அகலமாகும். மையமே நகருகிறது! ஷெர்சர் 1893-ல் காலமானார். சிகாகோவில் 1895-ல் அவர் முறைப்படி எழுந்த பாலத்தை அவர் பார்க்கவில்லை.

அந்த யோசனை 1914-ல் பாம்பன் கடலுக்கு வந்தது. ஊழியர்கள் கையால் சுற்றியே இரு பாதிகளையும் நிமிர்த்தினார்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையும் அங்கே போன ரயிலையும் விழுங்கிற்று. பாலத்தின் பெரும்பாலான இரும்பு உத்தரங்களையும் அடித்துப் போயிற்று. தூக்குப் பாலம் மட்டும் நின்றது. ஸ்ரீதரன் என்ற எஞ்சினீயர் 46 நாட்களில் பாலத்தைச் சீர்படுத்தினார். கடைசியில் உப்புக்காற்றின் அரிப்புக்கு முன்னால் அந்த இரும்பும் தோற்றது. 2022 டிசம்பரில் ரயில்கள் நின்றன. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதுப்பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி சுழலுவதே இல்லை. 17 மீட்டர் நேராக மேலே போகிறது.

பையன் ஒவ்வொரு டிகிரிக்கும் மையத்தைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்தினான். பாலம் புகைப்படத்தில் உள்ளபடியே திறந்தது. அவன் தவறை ஒரு விசையால் அழித்துவிட்டான். நடுக்கடலில் நூற்றுக்கணக்கான டன் இரும்பை நிறுத்தியவர்களுக்கு அழிக்கும் விசை ஏது? 'எதைச் சுற்றி?' என்ற கேள்விக்கு அவர்கள் முதலிலேயே பதில் தெரிந்து வைத்திருந்தார்கள். அந்தப் பதிலை நம்பி நூறு வருஷத்துக்கு மேல் நாமும் கடலைக் கடந்தோம்.